நெருப்புப்பெட்டி மெசின்

எங்கள் பகுதியில் கம்பியூட்டரை முதன்முதல் கண்ணால் கண்டவர்களில் நானும் ஒருவன். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குக் காத்தான்குடிப் பிரதான வீதியில் மூன்று தட்டுக் கட்டடத்தில் இரும்பும் சிமெந்தும் தகரமும் விற்கிறேன். யாருடைய வாப்பாவும் எனக்கு முதல் தரவில்லை. முகைதீன்பாவா என்று கேட்டால் கல்முனை வரைக்கும் கடைக்கு வழி சொல்வார்கள். அப்படிப்பட்டவன் பொய் சொல்லிப் பெயர் எடுக்க வேண்டியதில்லை.

எழுத வந்தது ஹியூபர்ட் சேரைப் பற்றி. அவரைப் பற்றி எழுத இப்போது உயிரோடு இருக்கிற ஆட்களில் என்னை விட்டால் வேறு ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

அறுபத்தேழாம் ஆண்டு நான் கொழும்பில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். எதிரே பெரிய கந்தோர், அலுவலகம் என்பார்களே, அது. அதன் மேல்மாடியில் ஒரு குளிரறை. அதற்குள் கம்பியூட்டர் இருக்கிறது என்றார்கள். தேத்தண்ணி கொண்டுபோகிறவன் வாசலோடு நிற்க வேண்டும், உள்ளே போகக்கூடாது. எல்லாப் பொடியன்மாரும் வாசலோடு நின்றார்கள். நான் மட்டும், "உள்ளுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

கதவைத் திறந்தவர் வெள்ளைச் சட்டை, கறுத்த முகம், பச்சைக் கண். மட்டக்களப்புப் பறங்கி, வெள்ளைக்காரர் கலப்பில் வந்த ஆள் என்று பார்த்தவுடன் பிடித்துவிட்டேன்.

"எந்த ஊருடா?"

"காத்தான்குடி சேர்."

"அப்ப நம்மட வாவிக் காத்துக் குடிச்சவன். வா உள்ளுக்கு. ஒண்டிலயும் கை வைக்காத. வைச்சியெண்டா முழுக் கந்தோருக்கும் சம்பளம் நிண்டு போகும்."

அலுமாரி அலுமாரியாக நின்றது. ஒரு பக்கத்தால் துளை போட்ட அட்டைகளை விழுங்கியது, மறுபக்கத்தால் தாளைத் துப்பியது. எனக்கு அன்றைக்கு விளங்கியதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். மெசினின் வயிற்றுக்குள் நம்பர் போட்ட பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு அட்டைக்கு ஒரு கட்டளை. இந்தப் பெட்டியில் இருப்பதை எடு. அதோடு இதைக் கூட்டு. அந்தப் பெட்டியில் வை. இது பெரிதென்றால் இன்ன கட்டளைக்குத் தாவு. எல்லாம் இரண்டெழுத்து மூன்றெழுத்துக் குறி. அந்தப் பாசைக்கு அசெம்பிளர் என்று பெயர். ஹியூபர்ட் சேர் அதில் எழுதுகிறவர். பியட்றிஸ் மிஸ் அவர் எழுதியதை அட்டையில் துளையாகப் போடுகிறவர். அவவும் பறங்கிதான், தன்னாமுனைப் பக்கம்.

மெசின் பகல் முழுக்கக் கந்தோர் வேலையில் இருக்கும். எழுதியதை ஓட்டிப் பார்க்க இவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். பிழை என்றால் மறுநாள்தான். அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மெசினுக்குக் கொடுப்பதற்கு முன் மேசையில் வைத்து இரண்டு பேர் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் கட்டளையை வாசிக்க வேண்டும். மற்றவர் மெசினாக இருக்க வேண்டும். மேசையில் காலி நெருப்புப்பெட்டிகளைப் பரப்பி, அதில் பென்சிலால் நம்பர் எழுதி, மெசின் செய்வதையெல்லாம் கையால் செய்வார். மெசினாக இருப்பவர் யோசிக்கக்கூடாது, ஏன் என்று கேட்கக்கூடாது, இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி ஒரு படியைத் தாண்டக்கூடாது. வாசித்ததை மட்டும் செய்ய வேண்டும்.

ஹியூபர்ட் சேர் மெசினாக இருப்பதைப் பார்க்க வேண்டும். முகத்தில் ஒன்றும் இராது. ஈ இருந்தாலும் தட்டமாட்டார்.

வாசிக்கிறவர் பியட்றிஸ் மிஸ். பிறகு அவர்கள் இருவருக்கும் கலியாணம் நடந்ததற்குக் காரணமே ஒரு பிழைதான். அந்த மெசினில் கட்டளைகளும் பெட்டிக்குள்தான் இருக்கும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டளை இன்னொரு கட்டளையை மாற்றிவிடலாம். எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள், வேலை சுருங்கும். ஆனால் முடியும்போது மாற்றினதைப் பழையபடி திருப்பி வைக்க வேண்டும். சேர் ஒரு தரம் மறந்துவிட்டார். நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் நிற்கிறேன்.

"மிஸ்டர் ஹியூபர்ட், மாத்தினதத் திருப்பி வைக்கயில்லையே."

"முதல் தரம் சரியா வந்ததுதானே?"

"முதல் தரம் வரும். ரெண்டாந்தரம் பியோன்மாருக்கு மனேஜர்ட சம்பளம் போகும். எனக்கு ஆட்சேபனை இல்ல. என்ர தம்பி இஞ்ச பியோன்தான்."

சேர் சிரித்த சிரிப்பில் நெருப்புப்பெட்டிகள் சரிந்தன. மெசினாக இருக்கும்போது அவர் சிரித்ததை அன்றைக்கு மட்டுந்தான் கண்டேன்.

பிறகு மெசின் மாறியது. புது மெசினுக்கு அவருடைய குறிகள் விளங்காது, வேறு பாசை படியுங்கள் என்றார்கள். அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரும் ஊருக்கு வந்து டச்பார் என்கிற இடத்தில் வீடு கட்டினார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. அவர் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து பென்சன் எடுத்தார். நான் அதற்கிடையில் தள்ளுவண்டியில் தொடங்கி, கடை எடுத்து, காணி வாங்கி, லொறி வாங்கி வளர்ந்தேன். அவர்கள் வீட்டுக் கூரைத் தகரம் என் முதல் கடையில் எடுத்தது.

அவர்களுக்கு ஒரே மகன், மெல்றோய். தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசல் படலையைத் தாண்டிப் போனான். திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனது, எங்கே, ஒன்றும் தெரியாது. அதே ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் என் தம்பி அசனாரைச் சுட்டுக் கொன்றார்கள். எனக்கு மையித்தாவது கிடைத்தது. என் கையால் குழியில் வைத்தேன். ஹியூபர்ட் சேருக்கு அதுவும் இல்லை. மெல்றோய் போய்ச் சில மாதத்தில் அவன் மகள் கிம் பிறந்தாள். தாய் வேறு கலியாணம் முடித்துக் கொழும்போடு போய்விட்டாள். பிள்ளையை இவர்கள்தான் வளர்த்தார்கள்.

செத்தவனென்று மெல்றோய்க்கு அவர்கள் பூசை வைக்கவில்லை. பியட்றிஸ் மிஸ் அதன் பிறகு பதினான்கு வருடமும் இரவுச் சாப்பாட்டில் ஒரு பங்கு மூடி வைப்பா. காலையில் அதை நாய்க்குப் போடுவா. சொல்லும்போது சாதாரணம். ஒரு நாள் போய் அந்தக் கோப்பையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறகு கடல் வந்தது. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, நத்தார் என்கிற கிறிஸ்மசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.

முதலில் வந்த தண்ணீர் முழங்காலுக்குத்தான் வந்தது. மூன்று பேரும் கல்லடி றோட்டுப் பக்கம் ஓடியிருக்கிறார்கள். தண்ணீர் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் கிழவர் நடக்க மாட்டாதவர், அவரைத் தூக்கி வரச் சேர் திரும்பிப் போனார். "ரெண்டு பேரும் நிக்காம ஓடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பியட்றிஸ் மிஸ் கிம்மின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினா. அதன் பிறகு வந்ததுதான் பெரிய தண்ணீர். அது சேரை வாவிப் பக்கம் அடித்துப் போய்க் கண்ணாமரப் பற்றைக்குள் செருகிவிட்டது. பியட்றிஸ் மிஸ் ஒரு முள்ளுக்கம்பி வேலியில் கிடந்தா. கிழவர் தண்ணீரோடு போனார். கிம்மைக் காணவில்லை.

எங்கள் ஊரிலும் கடற்கரைப் பக்கம் முழுக்கப் போயிருந்தது. நான் என் லொறியில் காயக்காரரை ஏற்றி ஆசுபத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஆசுபத்திரி விறாந்தையில்தான் அவர்கள் இருவரையும் கண்டேன். மிஸ்ஸுக்கு இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. சேர் பக்கத்தில் இருந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"பாவா, லொறியத் திருப்பு. பிள்ளையத் தேடுவம்."

தேடினோம். என் ஆட்களை இறக்கினேன், வாவிக்குத் தோணி விட்டேன், குருக்கள்மடம் வரைக்கும் கரையோரம் போனேன். நான் தொடங்கின காரியம் முடியாமல் விட்டதில்லை என்று பெருமை பேசுகிறவன். அது முடியவில்லை. கிம்மின் ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த கார்த்திகை மாதம் பிரச்சினை தொடங்கியது. அதற்குள் அவர்கள் திராய்மடுவில் தற்காலிகக் கொட்டிலுக்கு வந்துவிட்டார்கள். கத்தோலிக்கருக்குக் கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் நாள் மரித்தோர் திருநாள். வீட்டுக்கு வீடு செத்தவர்களின் பெயரைப் பாதரிடம் கொடுப்பார்கள். சேமக்காலை என்கிற கல்லறைத் தோட்டத்தில் அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் கேட்டதும் அந்த வீட்டார் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அந்த வருடம் டச்பார்ப் பெயர்கள் முடியாமல் போய்க்கொண்டிருந்தனவாம். கிம்மின் பெயர் இல்லை.

நான் தகரம் இறக்கப் போனபோது மிஸ் முற்றத்தில் இருந்தா.

"பாவா, நீங்க சொன்னாக் கேப்பார். அவள்ட பேரக் கூப்பிட்டு ஒரு திரி கொளுத்த வேணும். ஒரு பிள்ளையக் காத்துக் காத்துப் பதினாலு வருசம் சோறு மூடி வைச்சன். மறுகா இன்னொண்டக் காக்க என்னால ஏலா."

உள்ளேயிருந்து சேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்தார்.

"நடந்தது என்னெண்டு முழுக்கத் தெரியாம ஒரு பிள்ளையச் செத்ததெண்டு குடுக்கிறதா? ஓட்டிப் பாத்து முடிச்சுத்தான் குடுப்பன்."

"என்னத்த ஓட்டுறீங்க சேர்?"

"அண்டைய நாள."

கொட்டிலுக்குள் கூட்டிப் போனார். பலகை மேசையில் நெருப்புப்பெட்டிகள். என் கடையில் மின்குமிழ் வந்த மட்டைப்பெட்டிகளை வெட்டி அட்டை அட்டையாக அடுக்கியிருந்தார். பெட்டிகளுக்கு இந்த முறை நம்பர் இல்லை. படலை, கிணறு, றோட்டு, வேலி, வாவி என்று இடங்கள். ஹியூபர்ட், பியட்றிஸ், கிம், கிழவர் என்று ஆட்கள். கிம்மின் பெட்டிக்குள் ஒரு குன்றிமணி. அது எங்கே நிற்கிறதோ அங்கே கிம் நிற்கிறாள். கடைசி அட்டை "நில்". அந்த அட்டை வரும்போது குன்றிமணி எந்த இடத்துப் பெட்டியில் இருக்கிறதோ அதுதான் விடை.

"வாசிக்க ஒரு ஆள் வேணும்," என்றார். "பியட்றிஸ் மாட்டாளாம். நீ இரு."

நான் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். அவ இரண்டு கையையும் மடிக்குள் பொத்தி வைத்துக்கொண்டு கோழியைப் பார்த்தபடி இருந்தா.

மூன்றாம் வகுப்புப் படித்த முகைதீன்பாவா இப்படித்தான் புரோகிராம் வாசிக்கிற ஆளானேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து அப்படியே திராய்மடுவுக்குப் போவேன். என் மனுசி ஆயிஷா உம்மா கேட்பா, "ஊருக்கெல்லாம் கணக்கன் வைச்சு நடத்திற மனிசன், பறங்கியர்ட வீட்டில நெருப்புப்பெட்டி விளையாடப் போறீங்களா?" அவவுக்கு என்ன தெரியும்.

"தண்ணி முழங்காலா எண்டு பார். ஓமெண்டா றோட்டுக்குத் தாவு," என்று நான் வாசிப்பேன். சேர் பெட்டியை நகர்த்துவார். பழைய முகம், ஈ தட்டாத முகம். மூன்று பெட்டியும் றோட்டுக்குப் போகும். தண்ணீர் இறங்கும். ஹியூபர்ட் பெட்டி கிழவரிடம் திரும்பும். பெண்கள் இருவரின் பெட்டியும் வேலிப் பக்கம் போக வேண்டும். பெரிய தண்ணீர் வர வேண்டும். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு அட்டை மாறியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை "கிம் ஹியூபர்ட்டோடு திரும்பு" என்று இருக்கும். இன்னொரு நாள் "கிம் பாலத்துக்குத் தாவு" என்று இருக்கும். வேலிக்குப் போகாமல் குன்றிமணி எங்கெல்லாமோ சுற்றித் திரும்பவும் படலைக்கு வந்துவிடும். "நில்" என்கிற அட்டை வரவே வராது.

"சேர், போன கிழமை இந்த அட்டை இல்ல."

"ஓடேக்க மாத்த இடமிருக்கு."

"மாத்தினாத் திருப்பி வைக்க வேணுமே. மிஸ் அண்டைக்குக் கொழும்பில சொன்னாவே."

"வாசிக்கிற ஆள் வாசிச்சாக் காணும், பாவா."

நான் ஆட்களை எடை போடுகிறதில் கெட்டிக்காரன். கடைக்குள் கால் வைக்கும்போதே கடன் கேட்க வருகிறானா காசு வைத்திருக்கிறானா என்று சொல்வேன். சேரையும் எடை போட்டேன். கிழவனால் பிள்ளை செத்ததை ஏற்க முடியவில்லை, அதனால் முடிவுக்கு வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

கார்த்திகை மாதங்கள் வந்து போயின. ஒவ்வொரு வருடமும் மிஸ் கேட்பா, அவர் "இன்னும் முடியயில்ல" என்பார். அவ திரும்பிப் படுத்துவிடுவா. கொட்டில் போய்க் கல்வீடு வந்தது. கதவு, யன்னல் எல்லாம் நான் கொடுத்தது. வாகரைப் பக்கம் சண்டை பிடித்து, சனம் சட்டி பானையோடு வந்து அவர்கள் வளவிலும் மரத்துக்கு மரம் குந்தியது. மட்டக்களப்பிலிருந்து ஆமிக்காரர் மேற்கே பல்குழல் ரொக்கெட் அடித்தார்கள். ஒரு தொகுதி போகும்போது மேசையில் நெருப்புப்பெட்டிகள் எல்லாம் துள்ளும். சேர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். சத்தம் அடங்கியதும் ஒவ்வொரு பெட்டியையும் இருந்த இடத்தில் திருப்பி வைப்பார். குன்றிமணி நிலத்தில் விழுந்தால் மேசைக்குக் கீழே போய்த் தேடி எடுப்பார். அந்த வயதில், முழங்காலில்.

நான் விட்டுவிடுகிறவன் அல்ல. பாதரைப் போய்க் கண்டேன். "வீட்டுத் தலைவர் தராம நான் எப்பிடிக் கூப்பிடுறது?" என்றார். கல்லில் பெயர் வெட்டித் தருகிறேன், நல்ல கறுப்புக் கல், செலவு என்னுடையது என்றேன். சேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்குக் கல்லு விக்கத் தெரியும் பாவா. இது கல்லால முடியிற வேலை இல்ல."

இப்படி என்னிடம் சொல்லிவிட்டு உயிரோடு போன ஆட்கள் குறைவு. நான் லொறியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மிஸ்ஸுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, முற்றியது. கால் வீங்கியது. ஆசுபத்திரியில் சிறுநீரகம் சரியில்லை, இனி அதிக காலம் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். அவ என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "கண் மூட முந்தி அந்தப் பேர ஒருக்காக் கேட்டுட்டுப் போவன்."

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி மாதம். சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோவில் சொன்னார்கள். பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். சிலர் கொடியோடு ஊர்வலம் போனார்கள். திராய்மடுவில் ஒரு வீட்டிலும் சத்தமில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் எனக்குக் கடையில் இருக்கப் பிடிக்கவில்லை, அங்கே போனேன். சேர் மேசையில் இருந்தார். நான் அட்டைக்கட்டை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.

மிஸ் அறையிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தா.

"இஞ்ச தாங்க பாவா. நாலு வருசமாக் கேக்கிறன், எழுத்துக்கூட்டி வாசிக்கிறீங்க. காது வலிக்குது."

கட்டை வாங்கிக்கொண்டு எதிரே இருந்தா. அட்டையைப் பிடித்த கையைப் பார்த்தேன். உள்ளங்கை குறுக்கே மேடு மேடாகத் தழும்பு. மற்றக் கையிலும் அதேபோல்.

வாசிக்கத் தொடங்கினா. நான் கொழும்பில் கேட்ட அதே குரல், அதே வேகம். மூச்சு மட்டும் இடையில் அறுந்தது. சேரின் விரல்கள் அந்த வேகத்துக்குப் போயின. படலை. தண்ணீர். றோட்டு. தண்ணீர் இறங்கியது. ஹியூபர்ட் திரும்பியது. நான் வாசிக்கும்போது இழுத்து இழுத்து ஓடிய மெசின் அன்றைக்குத் தடங்கலில்லாமல் ஓடியது. இரண்டு கிழடுகளும் பெட்டியையும் அட்டையையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அந்த இடம் வந்தது. கையில் இருந்த அட்டையைப் பார்த்தா. "கிம் பாலத்துக்குத் தாவு" என்று இருந்தது, எனக்குத் தெரியும், நான் போன கிழமை வாசித்தது. அதைக் கவிழ்த்து வைத்தா.

"இது பிறகு மாத்தினது. திருப்பி வைக்கிறன்," என்றா. பிறகு அட்டை இல்லாமலே சொன்னா. "பியட்றிஸ், கிம், ரெண்டும் வேலிக்கு."

சேர் அசையவில்லை.

"மெசினுக்கு மாட்டனெண்டு சொல்ல ஏலா, ஹியூபர்ட்."

அவர் இரண்டு பெட்டியையும் வேலிக்குக் கொண்டுபோனார்.

"பெரிய தண்ணி. பியட்றிஸ்ட கையில கிம்மிட கை. தண்ணி நெஞ்சுக்கு. தண்ணி தலைக்கு. வேலி கையில படுது." மூச்சு எடுத்தா. "ரெண்டு கையாலயும் வேலியப் பிடி."

பட்டணத்தில் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு கையாலயும்," என்று திரும்பச் சொன்னா. "ஹியூபர்ட், விளங்குதா?"

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆசுபத்திரியில துணி மாத்தேக்க கண்டன். ஒரு கையெண்டா ஒரு கையில கிழிஞ்சிருக்கும். ரெண்டிலயும் முள்ளு ஒரே மாதிரி ஏறியிருந்தது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாலு வருடம் வெள்ளி தவறாமல் வாசித்தவனுக்கு, ஆட்களை எடை போடுகிற கெட்டிக்காரனுக்கு, அப்போதுதான் விளங்கியது.

"அண்டைக்கே தெரியுமா? அப்ப என்னத்துக்கு என்னைப் பேர் கேக்க விடாம இழுத்தீங்க? நீங்க என்னில குத்தம் பிடிச்சு, தண்டிக்கத்தான் மறுக்கிறீங்க எண்டு நான் நாலு வருசம் சுவரப் பாத்துப் படுத்திருந்தன்."

"ஓட்டி முடிச்சா அது நிக்கிற இடம் உன்ர கைதான், பியட்றிஸ். அந்த இடத்தில நிப்பாட்ட எனக்கு மனம் வரயில்ல."

அவ மேசைக்கு மேலால் கையை நீட்டி, வேலிக்குப் பக்கத்தில் நின்ற கிம்மின் பெட்டியைத் திறந்து, குன்றிமணியைத் தானே எடுத்து வாவி என்று எழுதிய பெட்டிக்குள் போட்டா. தழும்பில் மடங்காத விரல், இரண்டு தரம் தவறியது.

"நில்," என்று வாசித்தா.

சேர் எழும்பி அவவின் பக்கம் போகவில்லை. போயிருக்கலாம். இருந்த இடத்திலேயே இருந்து பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெசின் நின்றுவிட்டால் அடுத்தது யாராவது சொல்லும்வரை அப்படியே இருக்கும். யாரும் சொல்லவில்லை. நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

கார்த்திகையில் பெயர் கொடுப்பது என்று ஒத்துக்கொண்டார். மிஸ் திரிக்குக் காசு என்று என்னிடம் ஒரு நோட்டைத் தந்தா. வேண்டாம் என்றேன், கோபித்துக்கொண்டா. வாங்கி வைத்தேன். ஐப்பசி நடுவில், மழை தொடங்கின கிழமை, அவ போய்விட்டா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் கேட்டிருப்பா.

மரித்தோர் திருநாளுக்கு நானும் சேமக்காலைக்குப் போனேன். தொப்பியோடு போனேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். சேற்றுக்குள் செருப்புப் புதைந்தது. பாதர் கூப்பிட்டார், "பியட்றிஸ்." சேர் புதுக் குழியின் தலைமாட்டில் ஒரு திரி கொளுத்தினார். "கிம்." அதற்குத் தனியிடம் இல்லை, அதே குழியில் இன்னொன்று கொளுத்தினார். காற்றுக்கு அது இரண்டு தரம் நூர்ந்தது. நான் கையால் மறைத்துக்கொண்டேன். கேட்க வேண்டிய ஆள் மண்ணுக்குக் கீழே இருந்தா.

சேரை லொறியில் திருப்பிக் கூட்டிவந்தேன். படலையில் இறக்கிவிடும்போது நான் மெதுவாகக் கேட்டேன்.

"சேர், மெல்றோய்ட பேரையும் குடுத்திருக்கலாமே. இனிச் சண்டையும் முடிஞ்சுது."

அவர் படலையைத் திறந்து பிடித்தபடி நின்றார். சண்டை முடிந்ததால் பிடித்து உள்ளே வைத்திருக்கிறவர்களை விடுவார்கள் என்று அந்த நாட்களில் ஒரு கதை திரிந்தது. எத்தனையோ வீட்டில் வாசலுக்குக் கதிரை போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"கிம்முக்கு ஒரு அட்டைதான் குறைஞ்சது, பாவா. அது பியட்றிசிட்ட இருந்தது. மெல்றோய்க்கு என்ன இருக்கு? சைக்கிளோட படலையத் தாண்டினான். அதுக்குப் பிறகு முதலாவது அட்டையே என்னட்ட இல்ல. எதை வைச்சு ஓட்டுறது?"

உள்ளே போனார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது மேசையில் நெருப்புப்பெட்டிகள் பழையபடி பரப்பியிருந்தன. எல்லாம் காலி. சேர் எதிரே இருந்தார், மெசினின் முகத்தோடு. பக்கத்தில் ஒரு கோப்பையில் சோறு மூடியிருந்தது.

"இரு பாவா," என்றார்.

இருந்தேன். வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.